பணமும் பேரும் இருந்தால் ஜூரியை வளைத்துவிடலாமா?

வாசகர் கேள்வி, 12 ஏப்ரல் 2024

அமெரிக்கன் ஃபுட்பால் நட்சத்திரமாகவும் நடிகராகவும் இருந்த ஓ.ஜே. சிம்ப்சன் இறந்துவிட்டார். இரண்டு பேரைக் கொன்றவர் என்று ஊரே சொன்னது. ஆனால் பெரிய வக்கீல்களை வைத்து ஜாலியாக வெளியே வந்தார். காசும் பேரும் இருந்தால் அமெரிக்காவில் தீர்ப்புச் சொல்ல உட்காரும் பன்னிரண்டு சாதாரண மக்களை, அதாவது ஜூரியை, மயக்கிவிடலாம், அவ்வளவுதானே? அண்ணா, நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள், ஜூரியிலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். இல்லை என்று சொல்ல முடியுமா?

12 ஏப்ரல் 2024, இரவு

மயக்கினார் என்பதை ஏற்க மாட்டேன். காசு வேலை செய்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஜூரி அறைக் கதவு சாத்தப்படுவதற்கு வெகு முன்னாலேயே அது தன் வேலையை முடித்துவிட்டது.

1994 ஜூன் 12 இரவு சிம்ப்சனின் முன்னாள் மனைவி நிக்கோல் பிரவுன் சிம்ப்சனும் அவருடைய நண்பர் ரான் கோல்ட்மனும் கொல்லப்பட்டார்கள். ஐந்து நாள் கழித்து சிம்ப்சன் போன வெள்ளை பிரான்கோ வண்டியைப் போலீஸ் துரத்தியதை நாடே டிவியில் பார்த்தது. வண்டியில் பணமும் பாஸ்போர்ட்டும் ஒட்டுத்தாடியும் இருந்தன. இதில் எதையும் அரசுத் தரப்பு அந்த ஜூரியிடம் சாட்சியமாக வைக்கவே இல்லை. டிவி பார்த்துக்கொண்டு தீர்ப்பு எழுதியவர்கள் ஒரு வழக்கைப் பார்த்தார்கள், ஹோட்டலில் 265 நாள் அடைபட்டுக் கிடந்த ஜூரி வேறொரு வழக்கைப் பார்த்தது.

அவர்கள் பார்த்த வழக்கில் என்ன இருந்தது? சிம்ப்சன் உடலிலிருந்து எடுத்த ரத்தக் குப்பியை ஒரு டிடெக்டிவ் உடனே ஒப்படைக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டு சிம்ப்சன் வீட்டுக்கு ஓட்டிப் போனார். ரத்த மாதிரி சேகரித்த ஊழியரை சிம்ப்சனின் வக்கீல் பாரி ஷெக் நாள்கணக்கில் குறுக்கு விசாரணை செய்தார். ஷெக்கும் அதே பக்கத்து வக்கீல் பீட்டர் நியூஃபெல்டும் டிஎன்ஏ விஷயத்தில் அந்த நாட்டிலேயே முன்னணியில் இருந்தவர்கள். தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களை மீட்க 1992இல் இன்னொசென்ஸ் புராஜெக்டைத் தொடங்கியவர்கள். ரத்தக்கறை படிந்த கையுறையைச் சிம்ப்சன் வீட்டில் கண்டெடுத்த டிடெக்டிவ் மார்க் ஃபர்மன், கறுப்பர்களைக் கேவலமாகச் சொல்லும் அந்த வார்த்தையைப் பத்து வருடமாகப் பேசியதே இல்லை என்று சத்தியம் செய்தார். அவர் குரலே ஒலிநாடாவில் வந்து அதைப் பொய்யாக்கியது. ராட்னி கிங் என்ற கறுப்பரை அடித்த போலீஸ்காரர்களை பக்கத்து ஊரான சிமி வேலியில் ஒரு ஜூரி விடுவித்து, லாஸ் ஏஞ்சலஸ் பற்றி எரிந்து, இந்த விசாரணை தொடங்கும்போது மூன்று வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த ஊரில் ஒரு போலீஸ்காரர் கூண்டில் ஏறிப் பொய் சொன்னால் ஜூரி என்ன நினைக்கும்?

அவர்தான் செய்தார் என்று நானும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் பன்னிரண்டு பேரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ரத்தக் குப்பியைப் பற்றிய கேள்வி நியாயமான கேள்வி. காசில்லாத ஒருவன் வழக்கில் அதே குப்பி அதே வழியில் போயிருந்தால், அதைக் கேட்க யார் இருந்திருப்பார்கள்? என் கோபம் அங்கே இருக்கிறது.

13 ஏப்ரல் 2024

கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் போட்ட சிவில் வழக்கை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 1997 பிப்ரவரியில் சாண்டா மோனிகாவில் உட்கார்ந்த ஜூரி, அதே மனிதர்தான் இரண்டு சாவுகளுக்கும் பொறுப்பு என்று சொன்னது. 3.35 கோடி டாலர் நஷ்டஈடு. அப்போதும் அவர் அதே பிரபலம், அப்போதும் நல்ல வக்கீல்கள் இருந்தார்கள். என்ன மாறியது? கிரிமினல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது, சிவில் வழக்கில் எந்தப் பக்கம் தராசு கொஞ்சம் தாழ்கிறது என்று பார்த்தால் போதும். முதல் வழக்கில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை, இரண்டாவதில் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. கொலை நடந்த இடத்தில் தடம் பதிந்திருந்த அந்த மாதிரி ஷூவைப் போட்டதே இல்லை என்றார். போட்டுக்கொண்டு நடந்துபோகும் போட்டோ வந்தது.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி அந்தக் குடும்பங்களுக்குக் கடைசிவரை போய்ச் சேரவில்லை. ஜூரியால் தொகையை எழுத முடியும், வசூல் செய்ய முடியாது.

16 ஏப்ரல் 2024

என் ஜூரி டியூட்டி பற்றி இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன், விஷயத்தோடு சம்பந்தம் இருக்கிறது.

நியூ ஜெர்சியில் ஒரு கவுண்டி கோர்ட். குடியுரிமை வாங்கிய கொஞ்ச காலத்தில் கடிதம் வந்தது. பெரிய ஹால், வரிசை வரிசையாக நாற்காலி, சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர். முதல் மூன்று நாளுக்குத் தினம் 5 டாலர் படி. ஆம், ஐந்து. என் பக்கத்தில் ஹோட்டல் அறை சுத்தம் செய்யும் ஒரு அம்மா. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு என்று நீதிபதியிடம் சொன்னார், விட்டுவிட்டார்கள். ஒரு கட்டடத் தொழிலாளியும் அப்படியே போனார். கடைசியில் ஜூரி உட்காரும் பெட்டியில் மிஞ்சியவர்கள்: ஆபீஸில் சம்பளத்தோடு லீவு கிடைக்கும் என்னைப் போன்றவர்கள், ரிட்டயர் ஆனவர்கள், இரண்டு ஆசிரியர்கள். 'தனக்குச் சமமானவர்கள் கொண்ட ஜூரி' என்று பேசுகிறோமே, குற்றம் சாட்டப்பட்டு நின்ற அந்தப் பையனுக்குச் சமமானவர் யாரும் எங்களில் இல்லை.

வழக்கு சின்னது. இரவில் ஒரு கடையை உடைத்துத் திருடியதாகக் குற்றச்சாட்டு. அரசு தரும் வக்கீல்தான் அவனுக்கு. நல்ல மனிதர், ஆனால் கையில் வேறு நான்கு ஃபைல்களையும் கட்டிக்கொண்டு வருவார். கடைக் கேமரா வீடியோவில் இருந்த நேரமும், அதே இரவு கடை மூடும்போது அடித்த கடைசி பில்லில் இருந்த நேரமும் ஒத்துப்போகவில்லை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வித்தியாசம். கேமராவின் கடிகாரம் மாற்றப்படாமல் இருந்திருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். அவன் வேறு இடத்தில் இருந்தேன் என்று சொன்ன நேரம் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் வருகிறது! கோர்ட்டில் இருபக்கமும் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஜூரி அறைக்குள் போனபிறகு எங்களில் ஒரு பெரியவர், முன்னாள் பஸ் டிரைவர், இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நீதிபதிக்குச் சீட்டு எழுதி அனுப்பினோம். கோர்ட்டில் வந்த சாட்சியத்தை வைத்து மட்டும் முடிவு செய்யுங்கள், புதிதாக எதையும் சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. அது சரியான பதில்தான், சட்டம் அப்படித்தான்.

பெரிய குற்றச்சாட்டில் விடுவித்தோம், சின்னதில் குற்றவாளி என்றோம். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஒரு வீடியோ நிபுணர் கால் மணி நேரம் பேசியிருந்தால் போதும். அவருக்குக் கொடுக்க அவனிடம் காசில்லை.

இதையும் சொல்ல வேண்டும்: அந்த அறையில் யாரும் விளையாட்டாக இருக்கவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவசரப்பட்டவர்கூட, ஒருவன் வாழ்க்கை என்று வந்ததும் நிதானமாகிவிட்டார். அதனால்தான் ஜூரியை விலைக்கு வாங்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கிறது.

19 ஏப்ரல் 2024

பெரிய விஷயத்துக்கு இன்னும் வரவில்லை. ஜூரி நியாயமானதா என்று நாம் இங்கே மல்லுக்கட்டுகிறோம், அங்கே பெரும்பாலானவர்கள் ஜூரியின் முகத்தையே பார்ப்பதில்லை. 2012இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கென்னடி ஒரு தீர்ப்பில் எழுதினார்: ஃபெடரல் கோர்ட்டில் தண்டனை பெறுபவர்களில் 97 சதவீதம், மாநில கோர்ட்டுகளில் 94 சதவீதம், குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கியவர்கள். பேரம். 'ஒத்துக்கொண்டால் இரண்டு வருடம், ஜூரிக்குப் போய்த் தோற்றால் பதினைந்து' என்றால் குற்றமே செய்யாதவன்கூட ஒரு நிமிடம் யோசிப்பான். ஜாமீன் கட்டக் காசில்லாமல் உள்ளே கிடப்பவன் அரை நிமிடம்தான் யோசிப்பான்.

கலீஃப் பிரவுடர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நியூயார்க், பிராங்க்ஸ். 2010இல் ஒரு முதுகுப்பையைத் திருடினான் என்று பிடித்தார்கள், வயது 16. ஜாமீன் 3000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று வருடம், அதில் பெரும்பகுதி தனிமைக் கொட்டடி. ஒத்துக்கொள், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். செய்யாததை ஒத்துக்கொள்ள மாட்டேன், எனக்கு ஜூரி விசாரணை வேண்டும் என்று நின்றான். கடைசியில் விசாரணையே இல்லாமல் வழக்கைக் கைவிட்டு 2013இல் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் தற்கொலை செய்துகொண்டான்.

சிம்ப்சனுக்குக் கைதான நாளிலிருந்து தீர்ப்புவரை பதினாறு மாதத்துக்குள் முடிந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. சிம்ப்சனுக்கு அரசியல் சட்டம் எழுதிவைத்தபடி ஒரு விசாரணை கிடைத்தது. அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டியது.

20 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் இருக்கும் நியூ ஜெர்சி 2017 முதல் காசு ஜாமீனைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டது. இல்லினாய் போன வருடம் முழுதாகவே எடுத்துவிட்டது. ஆக, இது மாற்ற முடியாத விதி இல்லை.

26 ஏப்ரல் 2024

நேற்று ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனுக்குப் பாலியல் வழக்கில் கிடைத்த நியூயார்க் தண்டனையை அங்கே உச்சத்தில் இருக்கும் அப்பீல் கோர்ட் ரத்து செய்துவிட்டது, நாலுக்கு மூன்று. வழக்கில் இல்லாத பெண்களின் சாட்சியத்தை ஜூரி கேட்கும்படி விட்டது தவறு என்பது காரணம். உடனே எனக்கு மூன்று பேர், 'பார்த்தீர்களா?' என்று அனுப்பிவிட்டார்கள்.

பார்த்தேன். 2021இல் நகைச்சுவை நடிகர் பில் காஸ்பிக்கும் பாலியல் வழக்கில் இதேதான் நடந்தது. முதல் ஜூரி 2017இல் முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது, இரண்டாவது ஜூரி 2018இல் குற்றவாளி என்றது, மூன்று வருடம் கழித்து பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் தூக்கிவிட்டது. வழக்குப் போட மாட்டோம் என்று முன்பிருந்த அரசு வக்கீல் சொன்ன வாக்கு அவருக்கு உதவியது.

இரண்டு இடத்திலும் ஜூரி நட்சத்திரத்தைப் பார்த்துப் பல்லிளிக்கவில்லை. குற்றவாளி என்று தைரியமாகச் சொன்னது. பணம் அதற்குப் பின்னால் வந்தது. மூன்று நாலு வருடம் விடாமல் அப்பீல் நடத்த யாரால் முடியும்?

26 ஏப்ரல் 2024, இரவு

'சட்டப்படி அந்த அப்பீல் தீர்ப்பு சரிதானே, பணக்காரன் என்பதால் சரியான வாதம் தப்பாகிவிடுமா?' என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தப்பாகாது. அதே வாதம் ஏழைக்கும் இருக்கலாம், அதைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று, பேர் எப்போதும் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். கிளீவ்லேண்டில் சாம் ஷெப்பர்ட் என்ற டாக்டர், 1954. மனைவியைக் கொன்றதாக வழக்கு. பத்திரிகைகள் முன்பக்கத்திலேயே தீர்ப்பு எழுதின. ஜூரிக்கு அழைக்கப்பட்டவர்களின் பெயர், விலாசம் எல்லாம் அச்சாகி, அவர்களுக்குக் கடிதமும் போனும் வந்தன. நீதிபதி அப்போது தேர்தலில் நின்றுகொண்டிருந்தார்! உள்ளே போனவர் பத்து வருடம் இருந்தார். 1966இல் உச்ச நீதிமன்றம், இது விசாரணையே இல்லை, திருவிழாச் சந்தடி என்கிற பொருளில் எழுதி ரத்து செய்தது. மறு விசாரணையில் விடுதலை. அவருக்காக வாதாடிய இளம் வக்கீல் எஃப். லீ பெய்லி, பிறகு சிம்ப்சன் பக்கம் உட்கார்ந்த அதே பெய்லி.

டிவி பிரபலமும் தொழிலதிபருமான மார்த்தா ஸ்டூவர்ட்டையும் நினைத்துப் பாருங்கள். ஒரு கம்பெனிப் பங்கை விலை விழுமுன் விற்றதில் அவர் தவிர்த்த நஷ்டம் சுமார் 45,000 டாலர். அந்த அம்மாவின் சொத்துக்கு அது ஒன்றுமே இல்லை. அதை விசாரித்தவர்களிடம் பொய் சொன்னதற்காக 2004இல் ஐந்து மாதம் உள்ளே போனார். தீர்ப்புக்குப் பிறகு ஒரு ஜூரர், இது சின்ன மனிதர்களுக்குக் கிடைத்த வெற்றி என்கிற மாதிரி பேசினார். அதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. பணக்காரர் என்பதற்காக விடுவதும் அநியாயம், அதற்காகவே போடுவதும் அநியாயம்.

5 மே 2024

நம்மவர் கதை ஒன்று இருக்கிறதே என்று யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் நினைவூட்டினார். ராஜ் ராஜரத்தினம். கொழும்பில் பிறந்த தமிழர், பணக்காரர்களின் பணத்தை முதலீடு செய்யும் கேலியன் என்ற ஹெட்ஜ் ஃபண்டின் தலைவர், கோடீஸ்வரர். கம்பெனிகளின் உள் ரகசியத்தை வாங்கிப் பங்கு வியாபாரம் செய்ததாக வழக்கு. ஜாமீன் மட்டும் 10 கோடி டாலர். அமெரிக்காவில் வாங்கக்கூடிய மிகச் சிறந்த வாதம் அவருக்குக் கிடைத்தது. போன் ஒட்டுக்கேட்புக்கு அனுமதி வாங்கியபோது அரசு முக்கியமான விவரத்தை நீதிபதியிடம் சொல்லாமல் விட்டது என்று நீண்ட விசாரணையே நடத்தினார்கள். நீதிபதி அரசைக் கண்டித்தார், ஆனால் ஒலிப்பதிவை அனுமதித்தார்.

அவ்வளவுதான். மன்ஹாட்டனில் ஜூரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவர் குரலிலேயே எல்லாவற்றையும் கேட்டது. 2011 மே 11, பதினான்கு குற்றச்சாட்டிலும் குற்றவாளி. 12 நாள் விவாதித்துவிட்டுத்தான் சொன்னார்கள், அவசரமாகப் போட்டுத் தள்ளவில்லை. தண்டனை 11 வருடம். அரசு கேட்டது 19க்கு மேல். நீதிபதி அவர் உடல்நிலையையும், செய்த தர்ம காரியங்களையும் குறிப்பிட்டுத்தான் குறைத்தார். சுனாமிக்குப் பிறகு அவர் கொடுத்தது எங்கள் ஊர்ப்பக்கத்தில் பலருக்குத் தெரியும். அந்த நன்மை உண்மையானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தர்மம் செய்யக் காசில்லாதவன், தண்டனை நாளன்று எதைக் காட்டுவான்?

6 மே 2024

'பன்னிரண்டில் ஒருவரை மட்டும் பிடித்தால் போதாதா?' நல்ல கேள்வி. 1945இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ்.கே.யையும் குற்றவாளி என்று சொன்ன ஜூரி ஆறுக்கு மூன்று. இங்கே அமெரிக்காவில் அது செல்லாது, ஜூரி முழுதும் ஒன்றாக நிற்க வேண்டும். 2020 முதல் எல்லா மாநிலத்திலும் பெரிய குற்ற வழக்குகளுக்கு இதுதான் விதி. ஒருவர் மட்டும் மாறி நின்றாலும் விசாரணை கலைந்துவிடும், அரசு மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் கொலை வழக்கு 2007இல் 10-2 என்று கலைந்தது. 2009இல் இரண்டாவது ஜூரி குற்றவாளி என்றது. இரண்டு வருட அவகாசம் கிடைத்தது, விடுதலை கிடைக்கவில்லை.

ஒரு நடிகையின் சாவுக்குக் காரணம் என்று ஃபேட்டி ஆர்பக்கிளுக்கு மூன்று விசாரணை. ஊமைப்பட காலத்துப் பெரிய நகைச்சுவை நடிகர். 1922இல் மூன்றாவது ஜூரி சில நிமிடங்களில் விடுவித்தது, அந்த நிமிடங்களிலும் பெரும்பகுதி அவருக்கு நேர்ந்த அநீதிக்கு வருந்தி ஒரு கடிதம் எழுதவே போனது. ஆனாலும் அவர் படங்களைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜூரி விட்டாலும் ஊர் விடவில்லை. பாகவதரும் விடுதலையாகி வந்தபிறகு பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை.

31 மே 2024

நேற்று டிரம்ப் தீர்ப்பு. 34 குற்றச்சாட்டிலும் குற்றவாளி. அரசியலை இங்கே இழுக்க வேண்டாம், ஜூரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். முதல் நாள் வந்த 96 பேரில் பாதிக்கு மேல், எங்களால் நடுநிலையாக இருக்க முடியாது என்று தாங்களே சொல்லி எழுந்து போனார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. டிரம்ப் யார் என்றே தெரியாத ஜூரி கிடைக்காது. தனக்குள் இருக்கும் சாய்வை ஒத்துக்கொள்ளும் ஜூரி கிடைத்தால் போதும். மிஞ்சிய பன்னிரண்டு பேரின் பெயரை வெளியே விடவில்லை, ஷெப்பர்டுக்கு நடந்தது போல் இவர்களுக்கு நடக்காமல் இருக்க.

12 ஜூன் 2024

பதினைந்து நாள்கூட ஆகவில்லை, நேற்று வில்மிங்டனில், 2024இல் ஜனாதிபதியாக இருந்த ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடன். துப்பாக்கி வழக்கு, மூன்று குற்றச்சாட்டிலும் குற்றவாளி. அப்பாவின் சொந்த ஊர், அந்தக் குடும்பத்தைத் தெரியாதவர் அங்கே இல்லை. அப்பாவே ஜனாதிபதியாக இருந்தும் அந்த ஜூரியிடம் அது எடுபடவில்லை.

14 ஜூன் 2024

'அப்போது என்னதான் செய்வது?' என்று முதலில் கேட்ட தம்பியே மறுபடி கேட்டிருக்கிறார். ஜூரியை மாற்றத் தேவையில்லை என்பது என் கட்சி. அரசு தரும் வக்கீலுக்கு ஃபைலைக் குறைத்து, நிபுணருக்குக் காசு கொடுங்கள். அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கிளாரன்ஸ் கிடியன் வழக்கைப் படியுங்கள்.

ஃபுளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் புகுந்து சில்லறை திருடியதாக 1961இல் வழக்கு. வக்கீல் வைக்கக் காசில்லை, கோர்ட்டும் தரவில்லை, தானே வாதாடினார், ஐந்து வருடம். சிறையிலிருந்து பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963இல் அதே மனுவில்தான், ஏழைக்கும் வக்கீல் தர வேண்டும் என்ற தீர்ப்பு வந்தது. மறு விசாரணை அதே ஊரில், அதே நீதிபதி முன்னால். இந்த முறை ஃப்ரெட் டர்னர் என்ற உள்ளூர் வக்கீல்.

சம்பவம் நடந்த காலையில் கிடியனை ஏற்றிப் போன டாக்ஸிக்காரர் சாட்சி சொல்ல வந்தார். என்னை ஏற்றியதை யாரிடமும் சொல்லாதே என்று கிடியன் சொன்னார் என்றார். கேட்டால் கதை முடிந்தது என்றுதான் தோன்றும். டர்னர் எழுந்து, இதற்கு முன்னாலும் அப்படிச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டார். ஆமாம், ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் சொல்வார், அவருக்கும் மனைவிக்கும் ஏதோ தகராறு என்றார் டாக்ஸிக்காரர். அன்று ஜூரி கிடியனை விடுவித்தது.